தரை தொடாத சுமை

டக். அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. மறுபடி கொஞ்ச தூரம் செருப்புச் சத்தம், மறுபடி டக். வளைவு திரும்பி நீங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, முட்டுக்கம்பு ஒன்று வருகிறது என்று. ஊன்றுகோல் என்றால் நடைக்கு நடை சத்தம் வரும். இது நின்று நின்றுதான் வரும். ஆள் சும்மா நிற்கும்போது மட்டும் சத்தம் போடுகிற கம்பு உலகத்திலேயே இது ஒன்றுதான்.

உள்ளே வாருங்கள் தாயி, மழை வலுக்கிறது. பையை பெஞ்சில் வைக்காதீர்கள், அதற்கு ஒரு கால் ஆட்டம். அந்தத் தார்ப்பாயில் போடுங்கள். நீங்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம். டீயா, சுக்குக்காப்பியா? பால் தீர்ந்துவிட்டது, அதனால் சுக்குக்காப்பிதான்.

தனியாகவா வந்தீர்கள்? வீட்டுக்காரர் வரவில்லையா? சரி சரி, கேட்கக் கூடாது போல. பையை நீங்களே சுமக்கிறீர்களா, மேலே வரைக்கும்? ம். யார் கூட்டிப்போவது, குருவையாவா? அனுமதிச் சீட்டு வாங்க வனத்துறை ஆபீசுக்குப் போயிருப்பான். வருவான். வழியில் பார்க்கிறவனிடமெல்லாம் நின்று பல்லைக் காட்டிவிட்டு, மழை விட்ட பிறகுதான் வருவான். அவன் என் மச்சினன். என் பெண்டாட்டியின் தம்பி. அதற்காக நல்லவிதமாகச் சொல்லுவேன் என்று நினைக்காதீர்கள்.

அந்தக் கம்பைக் கொடுங்கள், சும்மா பார்க்கிறேன். அட, இழுத்தால் நீளுகிறதே. உங்களுடையது உசத்திதான். குருவையா வைத்திருப்பது தண்ணீர்க்குழாயில் அடித்தது. மேலே பிறை மாதிரி இருக்கிற இதைப் பைக்கு அடியில் கொடுத்துவிட்டு நிற்கவேண்டியது, பாரம் கம்பில் இறங்கிவிடும், முதுகு சும்மா இருக்கும். அப்படித்தானே? நல்லது. இடியப்போகிற சுவருக்கு முட்டுக் கொடுப்போம். தார் தாங்காத வாழைக்குக் கொடுப்போம். மனுஷனுக்கு முட்டுக் கொடுப்பதை இந்த மலையில்தான் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் தாயி, உங்களைச் சொல்லவில்லை. உங்களையும்தான் சொல்கிறேன், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவர். களைத்தால் நிற்கலாம், உட்காரலாம், படுத்து உருளலாம். உங்கள் பையில் என்ன இருக்கிறது? மாற்றுத்துணி, பிஸ்கட்டு. அது தரையைத் தொட்டால் எந்தச் சாமி கோபிக்கப்போகிறது?

என் சுமை அப்படி இல்லை.

இந்த மலை உச்சியில் உச்சிக்கருப்பர் இருக்கிறார். குருவையா சொல்லியிருக்க மாட்டான், 'வியூ பாயிண்ட்' என்று மட்டும் சொல்லியிருப்பான். ஆடிப் பௌர்ணமிக்கு அங்கே பொங்கல். அரிசி இந்த அடிவார மண்டபத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் போகவேண்டும். இங்கே தூக்கினால் அங்கே போய்த்தான் இறக்க வேண்டும். நடுவில் தரை தொடக்கூடாது. தொடாமல் போனால் அது சாமி அரிசி. தொட்டுவிட்டால் ரேஷன் அரிசிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நிறைய மூட்டை போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் போகிறதற்கு முதல் சுமை என்று பேர். அதைச் சுமந்து சேர்க்கிறவனுக்கு உச்சியில் பரிவட்டம் கட்டுவார்கள். எங்கள் ஐயாவுக்குக் கட்டினார்கள். ஐயாவுக்குப் பிறகு எனக்கு. அந்தப் பட்டுத்துணி தலையில் இருக்கிற வரைக்கும் நாட்டாமை கருத்தப்பாண்டிகூட எனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். திருநீறு எனக்குத்தான் முதலில். கீழே இறங்கினால் பழையபடி "ஏய் சன்னாசி, அந்த மூட்டையத் தூக்கி உள்ள போடு"தான், அது வேறு விஷயம். வருஷத்தில் ஒரு நாள் என்னை யாரும் 'ஏய்' என்று கூப்பிட மாட்டார்கள். அது போதாதா ஒரு மனுஷனுக்கு?

நான் எப்படி ஏறுவேன் தெரியுமா? உட்கார மாட்டேன். பாறையில் ஒட்ட மாட்டேன். மரத்தில் சாய மாட்டேன். மரத்தில் சாய்ந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மரத்துக்கு வேர் எங்கே இருக்கிறது? தரையில்தானே. அப்போது மரத்தைத் தொட்டால் தரையைத் தொட்ட மாதிரிதான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். ஒரு வருஷம் எனக்குப் பின்னால் வந்தவன் மூட்டையை லேசாக, இதோ இப்படி, ஒரு மருத மரத்தில் ஒட்டினான். பட்டை உரசிய சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே கூட்டத்தைக் கூட்டி, மூட்டையைத் திருப்பி அனுப்ப வைத்தேன். அழுதான். மகள் கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்ட சுமையாம். அழுதால்? சட்டம் என்றால் சட்டம்.

என் பெண்டாட்டியா? சீனியம்மா என்று பேர். கூட வருவாள். தண்ணீர்க் குடம் யார் தூக்குவது? என் சோற்றுப் பொட்டலம், விளக்குக்கு எண்ணெய், இதையெல்லாம் யார் தூக்குவது? அவள் பின்னால் வருவாள். பின்னால் வருகிறவர்களை எல்லாம் கணக்கில் சேர்த்தால் நாய்கூடத்தான் வரும்.

இந்தக் குருவையாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சுமை என்றால் ஆகாது. அரை மூட்டை அரிசிக்கு முகம் கோணும். பிறகு உங்களை மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இவனுக்கு வசதியாகப் போயிற்று. பை தூக்குவது, கூடாரம் கட்டுவது, முயல் தடத்தைக் காட்டிச் சிறுத்தை என்று சொல்வது. பெங்களூர்க்காரன் ஒருவன் நுனி உடைந்த முட்டுக்கம்பு ஒன்றை விட்டுவிட்டுப் போனான். அதை இவன் சாமி வேல்கம்பைத் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், கேட்டுக்குக் கம்பி வைக்கிற வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அதேபோல் இரண்டு அடித்துக்கொண்டு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? "மச்சான், நீங்களும் ஒண்ணு வச்சுக்கோங்க, கழுத்துக்கு நல்லது" என்று என்னிடமே நீட்டுகிறான். என் கழுத்தைப் பற்றி இவன் பேசுகிறான்! என் கழுத்துக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பாது, அவ்வளவுதான். அதனால்தான் உங்களை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். கருப்பட்டி கம்மியாக இருக்கும். சீனியம்மா போடுகிற காப்பி என்றால் உங்களுக்கு இன்னொரு தம்ளர் கேட்கத் தோன்றும்.

போன ஆடிக்கு இரண்டாம் சுமைக்கு ஆள் இல்லை. குருவையா நான் தூக்குகிறேன் என்று வந்தான். வரட்டும் என்று விட்டேன். பார்த்தால் கையில் இந்தக் கம்பு! மூட்டைக்கு அடியில் கொடுத்து நின்று நின்று வருவானாம். மலையே என்னைப் பார்த்துச் சிரித்தது. "கம்பு தரையத் தொடுது, மூட்டை கம்பத் தொடுது. அப்ப மூட்டை தரையத் தொட்ட மாதிரிதானடா" என்று கேட்டேன். அவன் என்ன சொல்கிறான்? "அப்படிப் பாத்தா உங்க தலை மூட்டையத் தொடுது, உங்க கால் தரையத் தொடுது மச்சான்." கூட்டத்தில் இளவட்டங்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள். இதெல்லாம் ஒரு பேச்சா? நாட்டாமை வரட்டும் என்றேன்.

மண்டபத்தில் கூட்டம் கூடியது. நாட்டாமை கருத்தப்பாண்டிக்கு எதையும் சட்டென்று முடிக்கத் தெரியாது, தாடையைச் சொறிந்து சொறிந்து அந்த இடத்தில் முடியே முளைப்பதில்லை. மரக்கதை, பாறைக்கதை, பழைய தீர்ப்பு எல்லாம் எடுத்துச் சொன்னேன். என் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. அப்போது இந்தக் குருவையா எழுந்து, "மச்சான் எப்படி இளைப்பாறுவாருன்னு அவரையே கேளுங்க" என்றான்.

"நான் இளைப்பாறுறதே கிடையாது" என்றேன்.

"ஒரு மூச்சா ஏறிருவியா?" என்று நாட்டாமை கேட்டான்.

"நிப்பேன். நின்னு ஒரு பீடி குடிப்பேன். பெறகு ஏறுவேன்."

"சொம தலைல இருக்கயிலயா பீடி குடிப்ப?"

இதில் என்ன இருக்கிறது சொல்ல? அந்தாள் விடாமல் பெண்கள் பக்கம் திரும்பி, "சீனி, நீதான பின்னால போறவ. நீ சொல்லுத்தா. உன் புருசன் சொம தரை தொட்டுருக்கா?" என்று கேட்டான்.

அவள் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "சத்தியமாத் தரை தொட்டதில்ல. என் தலையத்தான் தொட்டுருக்கு."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள் தாயி. பச்சைப்பிள்ளைகள்கூடச் சிரித்தன.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள் இது ஒரு விஷயமா என்று. செங்குத்தான இடம் வந்தால் நான் 'ம்' என்பேன். அவள் குடத்தை இறக்கிவிட்டு முன்னால் வந்து, திரும்பிக் குனிவாள். நான் லேசாகச் சாய்வேன். மூட்டை அவள் தலையில் உட்காரும். முழுசாக இல்லை, முக்கால்வாசி. என் கழுத்து விடுபடும். ஒரு பீடி. பீடி முடிந்ததும் நிமிர்வேன், அவள் குடத்தை எடுத்துக்கொள்வாள். உச்சிக்குப் போகிறதற்குள் இப்படி எத்தனை இடம், அதெல்லாம் யார் எண்ணுகிறார்கள்? இரண்டு இழுப்பு இழுக்கிற நேரம். அது எப்படி முட்டு ஆகும்? அவள் என் பெண்டாட்டி!

இதையேதான் கூட்டத்திலும் சொன்னேன். "மரம் தரைல நிக்கிது, கம்பு தரைல நிக்கிது, சீனி அந்தரத்துலயா நின்னா?" என்று நாட்டாமை கேட்டான். "அவ வேற, நான் வேறயா? அவ என் ஒடம்புல பாதி மாதிரி" என்றேன். நல்ல பதில்தானே? சிவன் கோயிலில் அப்படித்தானே நிற்கிறார்கள்? கருத்தப்பாண்டி தாடையைச் சொறிந்தான். சொறிந்துவிட்டு, "அப்ப சரி. சொம சுத்தம்தான். பரிவட்டத்த அந்தப் பாதிக்கும் சேத்துக் கட்டிருவோம்" என்றான்.

பெண் தலையில் பரிவட்டம்! என் பரிவட்டம்!

நான் அப்போதே துண்டை உதறித் தோளில் போட்டேன். "யாரும் எனக்குப் பின்னால வர வேணாம். குடமும் வேணாம், சோறும் வேணாம். தனியாத் தூக்கிக் காட்டுதேன். அந்தக் கம்புக்காரனையும் வரச் சொல்லுங்க, யாரு ஆம்பளைன்னு சாமி பாக்கட்டும்." கூட்டம் ஒத்துக்கொண்டது. சீனியைத் திரும்பிப் பார்த்து, "நீயும் வராத" என்றேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். சரி என்றாள். அப்போதாவது ஒரு வார்த்தை மறுத்துப் பேசினாளா? இல்லை.

மறுநாள் ஏறினோம். நான் முன்னால். குருவையா ரொம்பப் பின்னால், டக், டக் என்று. பெண்கள் கூட்டம் அதற்கும் பின்னால், சீனியும் அதில்தான். பாதி மலை சும்மா பறந்தேன். உரல்பாறை என்று ஒரு இடம் வரும், நீங்கள் பார்ப்பீர்கள், படி மாதிரி வெட்டியிருக்கும், படி எல்லாம் வழுக்கும். அங்கே கழுத்தில் என்னவோ சுருக்கென்று பிடித்தது. நின்றேன். 'ம்' என்றேன். பழக்கதோஷம். பீடியைக்கூட எடுத்துவிட்டேன்.

யாரும் வரவில்லை.

இன்னொரு தரம் 'ம்' என்றேன், கொஞ்சம் சத்தமாக. பின்னால் பேச்சுச் சத்தம் எல்லாம் நின்றுபோயிற்று. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாளாம், எனக்கும் அவளுக்கும் இடையில் நாலைந்து படிதானாம், அங்கேயே நின்றுவிட்டாளாம். பிறகு சொன்னார்கள். எனக்குத் திரும்பிப் பார்க்க முடியாதே. கேளுங்கள் தாயி, வராதே என்று சொன்னால் வராமலே இருந்துவிடுவதா? எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எதைக் கேட்டிருக்கிறாள்? அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து டக் என்று அந்தச் சனியன் சத்தம். கவனம் சிதறிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு வரைக்கும் நின்றிருப்பேன். மூட்டை இப்படிச் சரிந்தது, நான் இப்படிப் பிடித்தேன், அது படி படியாக உருண்டு ஒரு பாறையில் மோதிக் கிழிந்தது. மல்லிகைப்பூ மாதிரி அரிசி, வழி முழுக்க. மருத மரத்துக்காரன் மட்டும் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நல்லாச் சந்தோஷம், முகத்தில்தான் காட்டவில்லை. குனிந்து அரிசியை அள்ளினான், முதல் ஆளாக. நடிப்பு.

அந்த அரிசியைக் கீழே கொண்டுவந்து ஊருக்குச் சோறாக்கினார்கள். நல்ல சோறு என்று சாப்பிட்டார்கள். பரிவட்டம் குருவையாவுக்கு. பூசணிக்காய்மேல் துண்டு போட்ட மாதிரி, காதுவரைக்கும் இறங்கி நின்றது. முட்டுக் கொடுத்த சுமைக்குப் பரிவட்டம்! உச்சிக்கருப்பருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சீனியம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "உனக்குத் தலக்கனம் புடிச்சிருச்சு" என்றேன். "ஆமா, ரொம்ப வருசமா" என்றாள். உச்சந்தலையைத் தடவிக்கொண்டே நடந்தாள், தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை, வாசலைக் கூட்டிவிட்டுத்தான் போனாள். இப்போது உங்களை மாதிரி ஆட்களுக்குப் பை தூக்குகிறாள். அவளுக்கென்று ஒரு முட்டுக்கம்பு, தம்பி அடித்துக் கொடுத்தது. இங்கே இப்படித்தான் போவாள், நிமிர்ந்து. என்னைப் பார்க்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன், அவள் போவது அந்தப் பக்கம், என் கழுத்துத் திரும்பாது. மேலே முகாமில் இன்றைக்கு அவள் சமையல்தான். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

சரி, இந்த வருஷக் கதையைக் கேளுங்கள். பௌர்ணமி வரப்போகிறது. நாளைக் காலையில் கூட்டம், முதல் சுமை யாருக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த வருஷம் கட்டினால் கட்டினதுதான், அந்த வீட்டுக்கே நிரந்தரமாகப் போய்விடும். எங்கள் ஐயா வீட்டுச் சுமை. இன்றைக்குக் காலையில் குருவையா வந்து, நீங்கள் இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான்.

"மச்சான், முதல் சொம எனக்கு வேணாம். உங்களுக்கே வரட்டும்னு நாட்டாமைகிட்ட அக்கா பேசியிருக்கு" என்றான்.

எனக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை. "அவ யாரு எனக்குப் பேச?" என்றேன்.

"பாதித் தூரம் நீங்க, பாதித் தூரம் அக்கா. பரிவட்டம் ரெண்டு பேருக்கும்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், "இன்னும் முடிக்கல மச்சான். அக்கா ஒண்ணே ஒண்ணு கேக்குது. உரல்பாறையில அது சொமையோட நிக்கிம்போது நீங்க முன்னால போயிக் குனியணும். அது ஒரு வெத்தல போட்டு முடிக்கிற வரைக்கும்" என்றான்.

கேட்டீர்களா? நான் குனிய வேண்டுமாம்! ஊர் முழுக்கப் பின்னால் நின்று பார்க்க, நான், சன்னாசி, பரிவட்டம் கட்டின தலையைக் குனிந்து, அவள் மூட்டையைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டுமாம், இந்தக் கம்பு மாதிரி!

ஒரு வெற்றிலை நேரம்தானே என்கிறீர்களா? அவள் வெற்றிலை போடுகிறதை நீங்கள் பார்த்ததில்லை தாயி. முந்தானையில் துடைப்பாள். காம்பைக் கிள்ளுவாள். நரம்பை ஒவ்வொன்றாக உரிப்பாள். சுண்ணாம்பை நகக்கண்ணில் எடுத்துத் தடவுவாள், கூடிப்போச்சு என்று வழிப்பாள், மறுபடி தடவுவாள். பாக்கு தேடுவாள், மடியில் இருக்கிற பாக்கை ஊரெல்லாம் தேடுவாள். அதற்குள் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம். பீடி வேறு. பீடி சட்டென்று முடிந்துவிடும். ஒன்று அணைந்துபோனால் இன்னொன்று பற்றவைப்பேன், அது எப்போதாவது.

நீங்கள் ஏதோ கேட்டீர்களே. கனமாக இருந்தது என்று அவள் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா என்றா? சொன்னதில்லை. எப்படிச் சொல்லுவாள், குனிந்து நிற்கிறவளுக்குப் பேச முடியாது, தாடை நெஞ்சில் இடிக்கும். எனக்கும் அவள் முகம் தெரியாது. நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு பீடி குடிப்பேன். நல்ல இடம் அது, மேகம் காலுக்குக் கீழே போகும். அவள் அதைப் பார்த்திருக்கமாட்டாள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு என்ன தெரியும்? சரி, பெண்களுக்கு மேகம் எதற்கு.

இதோ, சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் ஆள் வந்துவிட்டான். மழையும் நின்றுவிட்டது, பார்த்தீர்களா, நான் சொன்னபடிதான்.

"மேடம், சீட்டு கெடச்சிருச்சு. கெளம்பலாமா? மச்சான், கதையெல்லாம் சொல்லி முடிச்சாச்சா?"

"ஒன் கதை ஒரு வாய் காப்பிக்குக் காணாது. உள்ள வராத, சேறு ஒட்டும்."

"நான் வரல. அக்காவுக்கு என்ன சொல்லட்டும்? சாயந்தரம் முகாமுக்குப் போனதும் அதத்தான் கேக்கும்."

"முடியாதுன்னு சொல்லு."

"மச்சான், நல்லா யோசிச்சு..."

"யோசிக்க என்னடா இருக்கு? எங்கய்யா எவளுக்கும் குனிஞ்சதில்ல, நானும் குனிய மாட்டேன். சொமையே போனாலும் சரி. கல்லுல எழுதுன மாதிரி சொல்லிரு."

"சொம போனாச் சரி. அக்காவும் போனாச் சரியா?"

"வெளிய நில்லுடா!"

பார்த்தீர்களா இவன் வாயை? நீங்கள் கிளம்புங்கள் தாயி. இருட்டுவதற்குள் முகாமுக்குப் போய்விட வேண்டும். தம்ளரை அப்படியே வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயையோ, பையை பெஞ்சில் ஏற்றாதீர்கள், ஒரு கால் ஆட்டம் என்றேனே. தரையிலிருந்து எப்படித் தூக்குவீர்கள், சேறு, வழுக்கிவிடும். டேய் குருவையா, மரம் மாதிரி நிற்கிறாய், ஒரு கை கொடுக்கக்கூடாதா? உனக்கு எங்கே சுமையைத் தூக்கிவிடத் தெரியும். நகரு. தாயி, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். நான் அடியில் கொடுக்கிறேன். இருங்கள், அப்படியில்லை, வாரோடு இழுத்தால் தோள் போய்விடும். நான் குனிந்துகொள்கிறேன். ம், இப்போது என் தலையில் இருக்கிறது, முழுப் பாரமும் இறங்கிவிட்டது, பயப்படாதீர்கள். ஒரு கையை வாருக்குள் விடுங்கள். அவசரமே இல்லை. இன்னொரு கை. இடுப்பு வாரையும் மாட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கொக்கி கொஞ்சம் சண்டித்தனம் செய்யும் போல. மெதுவாக, மெதுவாக. எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் வேண்டுமானால் தலையைக்கூடச் சீவிக்கொள்ளலாம், இதெல்லாம் எனக்கு ஒரு பாரமா? மாட்டியாயிற்றா? நிமிரட்டுமா? ம்.

அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு கம்பு.

என்னடா பார்க்கிறாய்? வாயை மூடு, கொசு போகும்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

"பெறகு என்ன பல்லு? அவகிட்ட என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கா?"

"நீங்க சொன்னதையும் சொல்லுதேன். பாத்ததையும் சொல்லுதேன்."

"பாத்ததையா? என்னத்தப் பாத்த? மழை விட்டதப் பாத்த. போ, போ, அந்தம்மாவப் பாத்துக் கூட்டிட்டுப் போ."

கிறுக்கன். இவனோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ. போய்வாருங்கள் தாயி, படியில் ஓரமாக நடங்கள், பாசி இருக்கும்.

இந்தச் சுக்குக்கறை தம்ளரின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீருக்குப் போகாது. கொஞ்சம் சாம்பலைத் தொட்டு, தேங்காய்நாரால் இப்படி, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும்.